ஆறடி ரோட்டவேட்டர் வாங்கலாமா?

கேள்வி: என் டிராக்டர் 35 குதிரைத்திறன். பழைய ஆறடி அகல ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம், தம்பி. ஆறடிக்கு உங்கள் வண்டியின் குதிரைத்திறன் போதாது. ஒரு கார் நெல் பருவத்தில் நானும் அப்படி மாட்டினேன். தாமிரபரணிப் பாசன வயலின் தொளிச் சேற்றில் எஞ்சின் திணறி, முன்சக்கரம் எழும்பிவிட்டது. ஓட்டியவன் என் மகன். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

உங்களுக்கு ஐந்தடிக்கு மேல் கூடாது. பின்சக்கரத் தடத்தை அது மூடுகிறதா என்று அளந்து பாருங்கள். பழையதில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பெட்டியின் எண்ணெய்க் கசிவு, கத்திகளை மாற்றிக்கொள்ளலாம். எஞ்சினின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அதற்கு உறை கட்டாயம் வேண்டும். ஓடும்போது வேட்டியோடு அருகே போகவே போகாதீர்கள்.