ஓடாத வாட்ச்சிலிருந்து எதை எடுக்கலாம்?

கேள்வி: என் தாத்தாவின் சாவி கொடுக்கும் வாட்ச், முழுச் சாவி கொடுத்தாலும் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அதே மாடலில் ஓடாத வாட்ச் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதன் உதிரிகளைக் கழற்றி இதில் போடலாமா?

போடலாம், ஆனால் அது அப்புறம். முதலில் தாத்தா வாட்ச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். இப்படிப் பாதியில் நிற்கும் பழைய மெஷின்களில் பல நேரம் எதுவுமே உடைந்திருக்காது, எண்ணெய் காய்ந்து பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் சாவி கொடுக்கும்போது முறுக்கேறி வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் களைத்துப்போயிருக்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மேஜையில் விட்டால் நன்றாக விரிய வேண்டும். சுருண்ட வாக்கிலேயே கிடந்தால் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதிலாக இன்னொரு பழைய ஸ்பிரிங்கைப் போடுவது வீண் வேலை, அதுவும் இதே வயதுதானே. அகலம், தடிமன், நீளம் மூன்றையும் அளந்து புதிதாக வாங்குங்கள்.

டயலில் ஒரே பெயர் இருப்பதால் உள்ளே ஒரே மெஷின் என்று நம்பிவிட வேண்டாம். இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் வீலுக்குக் கீழேயோ பக்கத்திலோ பொறித்திருக்கும் காலிபர் எண்ணை, அதாவது மெஷினின் மாடல் எண்ணைப் பாருங்கள். துடிப்பும், அதாவது பேலன்ஸ் ஆடும் வேகமும், ஒத்துப்போக வேண்டும்: மணிக்கு 21,600 துடிப்புள்ள மெஷினில் 18,000 துடிப்புக்கான பேலன்ஸைப் போட்டால், ஓடத்தான் செய்யும், ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

திருகு, கிளிக் (முறுக்கிய சாவி அவிழாமல் பிடிக்கும் கொக்கி), ராட்செட் சக்கரம் (அந்தக் கொக்கி மாட்டும் சக்கரம்), செட்டிங் லீவர் (நேரம் வைக்க உதவும் நெம்புகோல்) இவற்றையெல்லாம் தயங்காமல் எடுக்கலாம். பல்சக்கரம் என்றால் பல்லைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அச்சின் இரு முனைகளையும் லென்ஸில் பாருங்கள். துரு அரித்த குழியோ தேய்ந்த பள்ளமோ தெரிந்தால் வேண்டாம். பேலன்ஸை மட்டும் அதை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கோடு சேர்த்து முழுசாக மாற்றுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று சரிபார்த்துச் சேர்த்த ஜோடி. ஹேர் ஸ்பிரிங்கை மட்டும் பிரித்து மாட்டப் போனால் நேரம் சரியாக வருவது குதிரைக்கொம்புதான்.

கழற்றும்முன் சாவியின் விசையை இறக்கிவிடுங்கள்: கிரவுனை (சாவி கொடுக்கும் குமிழை) விரலில் பிடித்துக்கொண்டு கிளிக்கை விலக்கி, மெல்ல மெல்லத் திரும்ப விட வேண்டும். கிரவுன் சக்கரத்தின் (குமிழின் சுழற்சியை ராட்செட் சக்கரத்துக்குக் கடத்தும் சக்கரம்) திருகு பல மெஷின்களில் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும், வழக்கமான பக்கம் திருப்பி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், தலை உடைந்துவிடும். பேலட்டை (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும், கல் பதித்த சிறு கவையை) ஆல்கஹாலில் ஊறவைக்கக் கூடாது, கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு கரைந்துவிடும்.

வாங்கிய வாட்ச்சின் டயலும் முள்ளும் அழகாக இருக்கிறதே என்று ஆசை வரும். 1960களுக்கு முந்தையது, இருட்டில் ஒளிர்வதற்கான பூச்சு பழுப்பேறியிருக்கிறது என்றால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி போய்விட்டாலும் கதிர்வீச்சு போகாது. அதைச் சுரண்டவோ துடைக்கவோ ஊதவோ வேண்டாம், தூசி மூச்சில் போவதுதான் ஆபத்து. அந்த டயலை அப்படியே விட்டுவிட்டு மெஷினை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.