மே மாச லீவும் "பாக்கலாம்"ங்கற பதிலும்

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல லீவு பத்திதாங்க. பசங்களுக்கு ஏப்ரல்ல பரீட்சை முடியுது, ஜூன்ல ஸ்கூல் திறந்துடுவாங்க, நடுவுல இருக்கற அந்த நாலஞ்சு வாரத்துக்குள்ள குலதெய்வம் கோயில், மாமியார் ஊரு, ஒரு மலைப்பக்கம் டூர் எல்லாத்தையும் அடைக்கணும். நான் கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 29 வருஷம் பர்சனல் ஆபீஸரா இருந்தவன், லீவு லெட்டர்ல கையெழுத்து போட்டே பேனா தேஞ்சவன், அதனால மத்த கேள்விய எல்லாம் இந்த தடவ ஓரமா வெச்சுட்டேன்.

கேள்வி: ஐடி கம்பெனில டெஸ்டிங் டீம்ல இருக்கேன் சார். மே 11 திங்கள்லேர்ந்து 15 வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள் லீவு வேணும்னு பிப்ரவரிலயே மேனேஜர்கிட்ட சொன்னேன், "பாக்கலாம்"னார். மார்ச் வந்தாச்சு, இப்பவும் "பாக்கலாம்"தான். போர்ட்டல்ல அப்ளை பண்ணது பெண்டிங்னே நிக்குது. பசங்க ரெண்டு பேரும் ஊட்டி டாய் ட்ரெயின்ல போகணும்னு ஒரு வருஷமா கேக்கறாங்க. டிக்கெட் போடறதா வேண்டாமா?
— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: "பாக்கலாம்"ங்கறது சரியும் இல்ல, முடியாதும் இல்லம்மா. பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்ட்டு முடிச்சு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு கிளம்புவாங்களே, அந்த ரகம். அதை நம்பி காத்துட்டு இருந்தா மே மாசம் தானா போயிடும்.

அவர் ஏன் அப்படி சொல்றாருன்னு கொஞ்சம் யோசிங்க. உங்க மேல கோவம்னு நான் நினைக்கல. நீங்க இல்லாத அந்த அஞ்சு நாள்ல க்ளையன்ட் போன் பண்ணா யார் எடுக்கறதுன்னு அவருக்குத் தெரியல, அவ்வளவுதான். மில்லுல எங்களுக்கு பதிலின்னு ஒரு வார்த்தை உண்டு. நிரந்தர ஆளு வராதன்னிக்கு அவன் மிஷின்ல நிக்கற ஆளுதான் பதிலி. நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் மிஷின்ல ஒரு பக்கத்தைப் பாத்துக்கற ஆளு, சைடர்னு சொல்லுவோம், அப்படி ஒருத்தர் இருந்தாரு, வருஷா வருஷம் சித்திரைல ஊர்த் திருவிழாவுக்கு பத்து நாள் போவாரு, நான் ஒரு தடவ கூட மறுத்ததில்ல. காரணம் என்னன்னா மனுஷன் லெட்டர மட்டும் நீட்ட மாட்டாரு, பக்கத்துல ஒரு பையனையும் கூட்டிட்டு வந்து நிப்பாரு, "சார், இவன் என் சைடப் பாத்துக்குவான், ரெண்டு வாரமா பழக்கிட்டேன்"னு. நான் யோசிக்கறதுக்கு என்னங்க மிச்சம் இருக்கு? அதே ஷிஃப்ட்ல இன்னொருத்தர், வேலைல இவரை விட கெட்டிக்காரர், "என் லீவு, என் உரிமை"ன்னு வந்து நிப்பாரு. உரிமைதான், இல்லேங்கல. ஆனா அவர் போனதும் நான்தான் பதிலி தேடி குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸா அலையணும், அதனால அவர் லெட்டர் எப்பவும் ட்ரேல அடியில போயிடும். நியாயம் இல்லதான், ஆனா நடந்தது அதுதான்.

அதனால "லீவு என்ன சார் ஆச்சு"ன்னு இனிமே கேக்காதீங்க. மெயில் போடுங்க, சுருக்கமா. எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரை, அந்த வாரம் உங்க கைல என்னென்ன டெஸ்ட் இருக்கும், அதுல எதை 8ஆம் தேதிக்குள்ள நீங்களே முடிச்சுடுவீங்க, மிச்சத்தை டீம்ல யாரு பாப்பாங்க (அவங்ககிட்ட முன்கூட்டியே பேசி, பதிலுக்கு ஜூன்ல அவங்க லீவுல போறப்ப நீங்க பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டு), ரொம்ப அவசரம்னா சாயங்காலம் எத்தனை மணிக்கு போன்ல கிடைப்பீங்க, இவ்வளவுதான் விஷயம். கடைசில ஒரு வரி, "வர்ற வெள்ளிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா டிக்கெட் போட்டுடுவேன் சார்". தேதி சொல்லிக் கேட்டா "பாக்கலாம்"னு தள்றது கஷ்டம். அப்பவும் தள்ளுனார்னா, "எந்த வாரம்னா உங்களுக்கு பிரச்சனை இல்ல"ன்னு நேர்ல கேளுங்க. சாஃப்ட்வேர் ரிலீஸ் அந்த வாரம்தான்னு அப்பதான் வாயத் திறப்பாரு, இத்தன நாளா அதை ஏன் சொல்லலன்னு கேக்காதீங்க, அடுத்த வாரத்துக்கு மாத்திக்கோங்க.

டிக்கெட் விஷயத்துக்கு வர்றேன். ரயில்வே முன்ன 120 நாள் முன்னாடி புக்கிங் திறப்பாங்க, 2024 நவம்பர்லேர்ந்து அது 60 நாள்னு ஆயிடுச்சு. நீங்க மே 8 வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறணும்னா மார்ச் 9 காலைல லாகின் பண்ணி ரெடியா உக்காந்திருக்கணும். டாய் ட்ரெயின் அதை விட மோசம், மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு கிளம்பற வண்டி, கொஞ்சம் பெட்டி, கொஞ்சம் சீட்டு, மே மாசத்துக்கு திறந்த உடனே காலி. அதனால அப்ரூவல் வரட்டும்னு உக்காராதீங்க, போட்டு வைங்க. நல்லா முன்னாடியே கேன்சல் பண்ணா பெரிசா நஷ்டம் இருக்காது. ஆனா "டிக்கெட் போட்டுட்டேன் சார், இனி மாத்த முடியாது"ன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க. அது கழுத்துல துண்டைப் போட்டு இழுக்கற மாதிரி, நானா இருந்தா அதுக்காகவே மறுத்திருப்பேன்.

டிக்கெட் கிடைக்காம கார்ல போறதா இருந்தா இ-பாஸ் மறக்காதீங்க. ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேணும். போன வருஷம் 2025 சீசன்ல நீலகிரிக்கு சாதாரண நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு கணக்கே வெச்சுட்டாங்க, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நடுவார லீவு கிடைச்சா எவ்வளவு சௌகரியம்னு அந்த கணக்குலயே தெரியுது பாருங்க.

கேள்வி: ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன். வருஷத்துக்கு தீபாவளி, பொங்கல் விட்டா லீவே இல்லங்கறாரு முதலாளி. எடுத்தா சம்பளம் கட். இது சரியா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: சரியே இல்லை தம்பி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்னு ஒண்ணு 1947லேர்ந்து இருக்கு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா அடுத்த வருஷத்துல சம்பளத்தோட 12 நாள் விடுமுறை, எடுக்கலன்னா 24 நாள் வரைக்கும் சேத்து வெச்சுக்கலாம். அது போக உடம்பு சரியில்லன்னா 12 நாள், கேஷுவல் லீவு 12 நாள். கடைல நாள் பூரா நின்னே வேலை பாக்கறவங்களுக்கு உக்கார ஸ்டூல் குடுக்கணும்னு 2021ல திருத்தம் கொண்டு வந்தாங்களே, அதுவும் இந்த சட்டத்துலதான்.

ஆனா ஒண்ணு, சட்டத்தை வாசிச்சுக் காட்டிட்டு மே கடைசில லீவு கேக்காதீங்க. யூனிஃபார்ம் வாங்க கூட்டம் அலைமோதற நேரம் அது, ஒரு ஆள் குறைஞ்சா கல்லால இருக்கறவருக்கு வயிறு எரியும். மே மொதல் பாதில கேளுங்க, கூட இருக்கற ரெண்டு மூணு பேரும் முறை வெச்சு ஆளுக்கு நாலு நாள்னு சேந்து கேளுங்க. அப்பவும் சம்பளத்துல கை வெச்சா லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, அதுக்குத்தான் அந்த ஆபீஸ் இருக்கு.

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனில தையல் வேலை. ஈஎல் (வேலை பாத்த நாளுக்கு ஏத்தபடி சம்பளத்தோட சேர்ற லீவு) எத்தனை நாள் இருக்குன்னே எங்களுக்கு சொல்ல மாட்டேங்கறாங்க. எப்படி கணக்கு?
— வாசகி, திருப்பூர்

பதில்: கணக்கு சுலபம்மா. வேலை பாத்த 20 நாளைக்கு ஒரு நாள். 280 நாள் வேலைக்கு வந்திருந்தீங்கன்னா 14 நாள் ஈஎல். பழைய 1948 ஃபேக்டரி சட்டத்துல வருஷத்துக்கு 240 நாள் வந்திருந்தாத்தான் இது உண்டுன்னு இருந்துச்சு, எங்க மில்லுல 236, 237 நாள்ல மாட்டிக்கிட்டு அழுதவங்களை நான் பாத்திருக்கேன். 2025 நவம்பர் 21லேர்ந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துச்சு, அதுல 180 நாள் போதும்னு குறைச்சிருக்காங்க. நடுவுல வர்ற ஞாயித்துக்கிழமை, பண்டிகை லீவு எல்லாம் ஈஎல் கணக்குல சேராது, அதை சேத்துப் பிடிச்சாங்கன்னா கேளுங்க. இன்னொண்ணு, முறையா எழுதிக் கேட்டும் மறுத்துட்டாங்கன்னா அந்த நாளெல்லாம் அழியாது, அடுத்த வருஷத்துக்கு அப்படியே போகும். ஆனா கேட்டதுக்கு அத்தாட்சி வேணுமே? சூப்பர்வைசர்கிட்ட வாய்ல சொன்னது அத்தாட்சி ஆகாது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு அதை போன்ல போட்டோ புடிச்சு வைங்க.

நாலு நாளோ அதுக்கு மேலயோ லீவுல போனா அந்த லீவு சம்பளத்தை கிளம்பறதுக்கு முன்னாடியே குடுத்துடணும்னு பழைய சட்டத்துல இருந்துச்சு. பஸ் செலவுக்கு அதுதான் ஆச்சுன்னு எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க.

கேள்வி: உடம்பு சரியில்லன்னு சொல்லி மெடிக்கல் லீவு போட்டா என்ன சார்? கேக்கறதுக்கு பதிலா அது ஈஸி.
— வாசகர், ஓசூர்

பதில்: எங்க மில்லுல ஒருத்தர் மஞ்சக்காமாலைன்னு சர்டிஃபிகேட் குடுத்துட்டு எட்டு நாள் வரல. ஒன்பதாவது நாள் வந்தாரு, தலை மொட்டை, அது மேல சந்தனம். "மஞ்சக்காமாலைக்கு மொட்டையடிக்கறது எந்த வைத்தியர் சொன்னாரு"ன்னு கேட்டேன், "பழனி வைத்தியர் சார்"னாரு. சிரிச்சுட்டு விட்டுட்டேன், ஆனா அதுக்கப்புறம் அவருக்கு நிஜமாவே காய்ச்சல் வந்தப்ப கூட யாரும் நம்பல. இப்பெல்லாம் மொட்டை வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், உங்க மச்சான் வெக்கற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும்.

கேள்வி: நான் மறுபக்கம் சார். ஆறு பேரை வெச்சு பிரிண்டிங் பிரஸ் நடத்தறேன். ஆறு பேரும் மே ரெண்டாவது வாரம் கேக்கறாங்க. யாருக்கு குடுத்தாலும் மத்தவங்க மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறாங்க.
— வாசகர், சிவகாசி

பதில்: நீங்க தனித்தனியா கேபினுக்குள்ள கூப்ட்டு முடிவு பண்றீங்க, அதான் சிக்கல். ஒரு காலண்டரை சுவத்துல மாட்டுங்க, மார்ச் முடியறதுக்குள்ள ஆளாளுக்கு வேணுங்கற நாளை பென்சில்ல குறிக்க சொல்லுங்க, ஒரே சமயத்துல ரெண்டு பேருக்கு மேல போக முடியாதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. மிச்ச பஞ்சாயத்தை அவங்களே பேசி முடிச்சுக்குவாங்க, நீங்க நினைக்கறத விட ஒழுங்காவே முடிப்பாங்க. போன வருஷம் அந்த வாரம் யாருக்கு கிடைச்சதோ அவங்க இந்த வருஷம் கடைசி. முடிவாகலன்னா சீட்டு குலுக்குங்க.

பிள்ளைங்க இருக்கறவங்களுக்குத்தான் மே மாசம்னு பல இடத்துல எழுதாத சட்டம் இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. ஸ்கூல் லீவை மாத்த முடியாதுங்கறது நிஜம்தான், அவங்களுக்கு ஒரு படி முன்னுரிமை குடுங்க. ஆனா கல்யாணம் ஆகாத பையன் ஒவ்வொரு மே மாசமும், ஒவ்வொரு தீபாவளிக்கு முந்தின நாளும் "நீ சும்மாதானே இருக்க"ன்னு மாட்டிக்கிட்டே இருந்தான்னா அவன் ஒரு நாள் மொத்தமா போயிடுவான். அவனுக்கும் ஊர்ல அம்மா அப்பா இருக்காங்க. காலண்டர் அடிக்கற ஊர்க்காரருக்கு நான் காலண்டர் மாட்டச் சொல்றது எனக்கே சிரிப்பா இருக்கு, இருந்தாலும் செஞ்சு பாருங்க.

கேள்வி: வீட்டுக்காரர் பேங்க்ல இருக்காரு. திடீர்னு பத்து நாள் கட்டாய லீவுல போகச் சொல்லிட்டாங்க. ஏதாவது தப்பு பண்ணிட்டாரான்னு பயமா இருக்கு.
— வாசகி, கரூர்

பதில்: பயப்படாதீங்கம்மா. பணம், கருவூலம் மாதிரி முக்கியமான இடத்துல இருக்கறவங்களை வருஷத்துக்கு ஒரு தடவ பத்து வேலை நாளுக்குக் குறையாம, முன்னாடி சொல்லாம லீவுல அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க்கே 2021ல சொல்லியிருக்கு. அவர் சீட்ல வேற ஆள் உக்காந்தா ஏதாவது மறைஞ்சிருந்தா வெளில வந்துடும்னுதான். ஆக அங்க பதிலிய போடறது லீவு குடுக்கறதுக்கு இல்ல, பதிலிய போடறதுக்காகவே லீவு குடுக்கறாங்க. ப்ளான் பண்ண முடியாத லீவுதான், ஆனா லீவுதானே, கிளம்பிப் போயிட்டு வாங்க.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க எத்தனை நாள் லீவு எடுத்தீங்க?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: மாட்டி விட்டுட்டீங்க. 29 வருஷத்துல சேந்தாப்ல நாலு நாளுக்கு மேல எடுத்ததா ஞாபகம் இல்லை. ஊருக்கே பதிலி கேட்ட நான் என் சீட்டுக்கு ஒருத்தனையும் பழக்கல, நான் இல்லன்னா ஆபீஸ் நின்னுடும்னு ஒரு நினைப்பு. ரிட்டயர் ஆன மறுநாளும் காலைல ஷிஃப்ட் சங்கு ஊதுச்சு, எல்லாரும் உள்ள போனாங்க. மேட்டுப்பாளையம் எங்க வீட்லேர்ந்து ஒரு மணி நேரம்தான், எங்க பசங்க கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டாங்க, நான் கூட்டிட்டு போனதே இல்லை. கடைசில போன வருஷம்தான் பேத்திய கூட்டிட்டு அந்த டாய் ட்ரெயின்ல ஏறினேன், பதினாறு குகையையும் எண்ணிட்டே வந்தா, ஒவ்வொண்ணுலயும் கத்தினா. எங்க பையனும் வர்றதாத்தான் இருந்துச்சு, லீவு சாங்க்ஷன் ஆகலையாம்.