சாக்ரடீஸ் கிறிஸ்தவரா? வாசகர் கேள்விகள் சில

யோவான் நற்செய்தியில் வரும் 'வார்த்தை' கிரேக்கத் தத்துவத்திலிருந்து வந்ததா?

பாதி வரைக்கும் சரி. மூலத்தில் உள்ள சொல் 'லோகோஸ்'. பழைய தமிழ் பைபிளில் 'வார்த்தை', பொது மொழிபெயர்ப்பில் 'வாக்கு' என்று படித்துப் பழகிவிட்டதால், அறிவு, காரணம், கணக்கு என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு என்பது நமக்குத் தட்டுப்படுவதில்லை. யோவானுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எபேசு ஊர்க்காரர் ஹெராக்ளிடஸ் அதைப் பேசியிருக்கிறார், ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பிரிவினர் உலகை உள்ளிருந்து நடத்தும் அறிவு அதுதான் என்றார்கள், அப்புறம் இயேசு காலத்து அலெக்சாந்திரியா யூதர் ஃபைலோ அதைக் கடவுளுக்கும் உலகுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார். மறுபாதி ஆதியாகமம்: கடவுள் சொல்கிறார், உலகம் உண்டாகிறது. ஆனால் அந்த வார்த்தை மாம்சமானது என்பது இரவல் சரக்கு இல்லை. பிளேட்டோ வழிவந்தவர்களின் நூல்களில் 'ஆதியில் வார்த்தை இருந்தது' என்ற முதல் பகுதி கிடைத்தது, இது மட்டும் கிடைக்கவில்லை என்று பிற்காலக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினே எழுதி வைத்திருக்கிறார்.

சாக்ரடீஸைக் கிறிஸ்தவர் என்று யாராவது சொன்னார்களா?

சொன்னார்கள். 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின். லோகோஸின்படி வாழ்ந்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களே, சாக்ரடீஸும் ஹெராக்ளிடஸும் உட்பட என்றார். மதம் மாறிய பிறகும் தத்துவவாதியின் மேலங்கியைக் கழற்றாத ஆள் அவர்!

ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆதிகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டாரே?

கேட்டார். தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன உறவு என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஆன்மாவும் ஒருவகை உடல்தான் என்று வாதாட வேண்டி வந்தபோது அவரே ஸ்டோயிக்குகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

ஆன்மா அழியாது என்பது பைபிளா, பிளேட்டோவா?

தன் இயல்பாலேயே அழியாதது என்ற வாதம் பிளேட்டோவுடையது. பைபிளில் பவுல் ஏதென்ஸில் பேசியதோ இறந்தவர்கள் எழுவதைப் பற்றி, அதைக் கேட்டுச் சிலர் கேலி செய்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம். பிளேட்டோ வழியில் உடலைச் சிறையாகப் பார்த்துப் பழகியவருக்கு அது திரும்பி வரும் என்பது நல்ல செய்தியாகவா இருக்கும்? ஜஸ்டின்கூட இங்கே பிளேட்டோவை விட்டு விலகினார். ஆன்மா வாழ்வது கடவுள் விரும்புவதால்தான் என்றார். பிற்காலத்தில் இரண்டும் கலந்துவிட்டன.

நிசேயாவில் கூடிய திருச்சபைப் பேரவையிலும் தத்துவம் புகுந்ததா?

ஒரு சொல்லாகப் புகுந்தது. மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்று 325இல் அறிக்கையிட்டார்களே, அந்த 'ஹோமோஊசியோஸ்' பைபிளில் எங்கும் கிடையாது. மகன் தந்தைக்குச் சமமல்ல, படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸ் தரப்பு பைபிள் சொற்களையெல்லாம் தங்களுக்கு ஏற்றபடி விளக்கிக்கொண்டதால், வளைக்க முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லை வைத்தே அடுத்த ஐம்பது ஆண்டுகள் சண்டை போட்டார்கள்.