இலங்கையில் மதம் வாக்குகளை எவ்வளவு தூரம் நகர்த்துகிறது?

கேள்வி இதுதான்: இலங்கையின் கட்சி அரசியலில் மதத்தின் பங்கு என்ன, 2019இல் ஒரே பக்கம் திரண்ட வாக்காளர்கள் 2024இல் முற்றிலும் வேறு பக்கம் போனதைப் பார்த்தால், அந்தப் பங்கு குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இன்றும் கொழும்பு வடக்கில் வாக்களிக்கும் ஒரு சைவத் தமிழன் என்ற இடத்திலிருந்து பதில் எழுதுகிறேன். வாக்குப் பெட்டிக்குள் மதத்தின் செல்வாக்கு ஏறும், இறங்கும், இப்போது இறங்கியிருக்கிறது. ஆனால் அது ஏறியிருந்த காலங்களில் சட்டத்திலும் அரச நிர்வாகத்திலும் பதித்துவிட்டுப் போனவை வாக்குகளோடு சேர்ந்து இறங்கவில்லை. எனவே தேர்தல் முடிவுகளை மட்டும் வைத்து மதத்தின் பலத்தை அளப்பவர்கள் பாதியைத்தான் அளக்கிறார்கள் என்பது என் கருத்து.

வாக்கு எவ்வளவு சீக்கிரம் இடம்மாறும் என்பதற்கு நம்முடைய பக்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1952இல் காங்கேசன்துறைத் தொகுதியில் தமிழரசுக் கட்சியின் தலைவர் தந்தை செல்வா, அதாவது எஸ்.ஜே.வி. செல்வநாயகம், தோற்றார். அவரை வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், சைவ உலகில் பெரும் மதிப்புப் பெற்றவர். செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பது அந்தத் தேர்தல் பிரசாரத்தில் நன்றாகவே பேசப்பட்டது. நான்கே ஆண்டுகளில், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டத்தின் நிழல் விழுந்த 1956இல், அதே சைவ வாக்காளர்கள் அதே கிறிஸ்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977இல் அவர் மறையும்வரை அவரைத் தலைவராகவே கொண்டாடினார்கள். அவர்கள் இடையில் மதம் மாறவுமில்லை, பக்தி குறையவுமில்லை. மொழி பறிபோகிறது என்ற கவலை எழுந்தவுடன், வேட்பாளரின் மதம் கேட்க வேண்டிய கேள்வியாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே 1956இல் தெற்கில் நடந்தது இதற்கு நேர்மாறானது. புத்தர் மறைந்த 2500ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய புத்த ஜயந்தி ஆண்டு. பௌத்தத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் என்று பட்டியலிட்ட விசாரணைக் குழுவின் அறிக்கை அப்போதுதான் வெளிவந்திருந்தது. ஐக்கிய பிக்கு முன்னணியைச் சேர்ந்த பிக்குகள் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார்கள். அங்கிலிக்கனாகப் பிறந்து பௌத்தரான பண்டாரநாயக்க அந்த அலையில் பிரதமரானார். அலையில் ஏறியவரால் நினைத்த இடத்தில் இறங்க முடியவில்லை. தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர 1957இல் செல்வநாயகத்துடன் அவர் செய்த ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரலில் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸிலிருந்த அவரது வீட்டு வாசலில் பிக்குகள் வந்து அமர்ந்து, எழுத்தில் கேட்டுக் கிழித்தெறிய வைத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அதே வீட்டில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு அவர் இரையானார். அவரை ஆட்சிக்குக் கொண்டுவர முன்னின்று உழைத்த களனி விகாரை பிக்குவே அந்தச் சதியில் குற்றவாளியாகக் காணப்பட்டார். மதத்தைத் துணைக்கு அழைக்கும் கட்சிகள் படிக்க வேண்டிய முதல் பாடம் இதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

இனி, இறங்காத பக்கத்தைச் சொல்கிறேன். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் அல்லது ஒரு மதத்தாரை மட்டும் பாதிக்கும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று சொல்லியது. 1972இல் அந்தப் பாதுகாப்பு போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற வாசகம் வந்தது. அந்த அரசியலமைப்பை முன்னெடுத்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா ஓர் இடதுசாரி. மதச்சார்பின்மையைக் கொள்கையாகக் கொண்ட லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர் ஒருவரின் கையாலேயே அது நடந்தது என்பதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 1978இல் ஜே.ஆர். ஜயவர்தன அதை 9ஆம் உறுப்புரையாக மேலும் இறுக்கி, புத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்றார். இன்று அதை மாற்றுவதென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை. அன்றிலிருந்து இன்றுவரை ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்புள்ள எந்தப் பெரிய கட்சியும் அதை நீக்குவோம் என்று சொல்லி வாக்குக் கேட்டதில்லை.

மதத்தின் பெயரிலோ மதச் சமூகத்தின் பெயரிலோ கட்சிகள் தோன்றியதற்குத் தேர்தல் முறையும் ஒரு காரணம். பழைய தொகுதி முறையில் கொழும்பு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஐக்கிய தேசியக் கட்சியோடுதான் இருந்தார்கள். தனிக் கட்சி வேண்டும் என்ற எண்ணம் கிழக்கில்தான் பிறந்தது. காணி, பாதுகாப்பு, ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தல் என்று அங்கே நெருக்கடி வேறாக இருந்தது. 1981இல் காத்தான்குடியில் எம்.எச்.எம். அஷ்ரப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸுக்கு விகிதாசார முறை வாசலைத் திறந்தது, ஆனால் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறக் குறைந்தது இவ்வளவு வாக்கு வேண்டும் என்ற 12.5 வீத வெட்டுப்புள்ளி அந்த வாசலைப் பாதி மூடியே வைத்திருந்தது. 1988இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாசவுக்கு ஜனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் வாக்கு தேவைப்பட்டபோது அஷ்ரப் கேட்டு வாங்கியது அந்த வெட்டுப்புள்ளியின் குறைப்பைத்தான். அது 5 வீதமானது. சிறிய கட்சிகள் பலவும் இன்றுவரை அந்தப் பேரத்தின் பயனை அனுபவிக்கின்றன.

2004இல் ஜாதிக ஹெல உறுமய பிக்குகளை மட்டுமே நிறுத்தி 9 ஆசனங்களைப் பெற்றதற்கும் இந்த முறை உதவியது. முந்திய டிசம்பரில், பெயர்பெற்ற பௌத்தப் பிரசாரகரான கங்கொடவில சோம தேரர் ரஷ்யாவில் காலமானார். கொழும்பில் அவரது இறுதிக் கிரியைக்குத் திரண்ட கூட்டம் சில மாதங்களில் வாக்காக மாறியது. ஆனால் துக்கமும் ஆத்திரமும் தந்த வாக்கு எவ்வளவு காலம் நிற்கும்? 2010இல் அந்தக் கட்சி மஹிந்த ராஜபக்ஷவின் கூட்டணிக்குள் நின்றே போட்டியிட்டது. 2020இல் கடும்போக்குப் பிக்குகளின் அபே ஜனபல கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். அது யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே மாதக்கணக்கில் இழுபறி நடந்தது.

ஜனாதிபதித் தேர்தலின் கணக்கு வேறு. நாடு முழுவதும் ஒரே தொகுதி. பாதிக்கு மேல் பெற்றவர் வெல்வார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பௌத்தர்கள் சுமார் 70 வீதம், இந்துக்கள் 12.6 வீதம், முஸ்லிம்கள் 9.7 வீதம், கிறிஸ்தவர்கள் 7.6 வீதம். சிறுபான்மையினரின் ஆதரவில்லாமல் எவராலும் ஜனாதிபதியாக முடியாது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட பிறகு, 2015 ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷ 47.58 வீதத்தோடு தோற்றபோது அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது. 2019இல் அது உடைந்தது.

உடைத்தது உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை அறிந்தவர்களுக்கு, செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வரிசையில் நிற்பவர்கள் யார் யார் என்று தெரியும். நெற்றியில் விபூதியோடு மெழுகுதிரி ஏந்தி நிற்கும் எங்கள் பெண்கள், பூத்தட்டோடு வரும் சிங்களப் பௌத்தக் குடும்பங்கள், கத்தோலிக்கர்கள் எல்லோரும் ஒரே வரிசைதான். கூப்பிடு தூரத்தில் பொன்னம்பலவாணேசர் கோயில். 2019 ஏப்ரல் 21இல் அந்தத் தேவாலயத்திலும், நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருந்த தேவாலயங்களிலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. ஏழு மாதத்தில் தேர்தல். தேசியப் பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லில் கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீதம், 69 இலட்சம் வாக்குகள் பெற்றார்; வடக்கும் கிழக்கும் அவரை நிராகரித்தும் வென்றார். அநுராதபுரத்தில் பழம்பெரும் பௌத்தத் தாதுகோபமான ருவன்வெலிசாயவின் முன் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால் மட்டும் வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாக அவரே சொன்னார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு எங்கள் ஒழுங்கையில் வழக்கமான பேச்சுச் சத்தமே இல்லை.

பிறகு கொவிட் வந்தது. அதில் இறந்த எல்லோரையும், முஸ்லிம்களையும்கூட, எரிக்கும் கட்டளையும் வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அந்தக் கட்டளை நீடித்தது. 2020 டிசம்பரில் இருபது நாள் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. அந்த நாட்களில் பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணி நாடாக்களை மக்கள் கட்டினார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் நினைவாகக் கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். இரவோடு இரவாக அவை அகற்றப்பட்டன. மற்றவர்கள் வந்து மறுபடியும் கட்டினார்கள். ஒன்றை நானும் கட்டினேன். இதே காலத்தில், 2020 அக்டோபரில், எதிரணியில் வென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தி கோட்டாபயவின் அதிகாரத்தைப் பெருக்கினார்கள். முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியினரே அவரைப் பின்தொடரவில்லை. சமூகத்தின் பெயரால் வாக்குக் கேட்டவர்கள் அந்தச் சமூகத்தின் மிகக் கொடிய வேளையில் செய்த காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் முஸ்லிம் நண்பர்களாலும் முடியவில்லை.

2022இல் எரிபொருளும் எரிவாயுவும் பால்மாவும் இல்லாமற்போனபோது, 69 இலட்சம் கரைந்தது. போராட்டக் களமாகிய காலிமுகத்திடலில் பிக்குகளும் அருட்சகோதரிகளும் இருந்த இடத்தில் நோன்பு திறப்பு நடந்தது. ராஜபக்ஷக்களின் பொதுஜன பெரமுன 2020இல் 68 இலட்சம் வாக்குகள் பெற்ற கட்சி; 2024 நவம்பரில் அது பெற்றது மூன்றரை இலட்சம். வேறு திசையிலும் இதே வேகம் தெரிந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் அநுர குமாரவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள். எட்டே வாரத்தில் நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி அங்கே 80,830 வாக்குகளோடு முதலிடம் பெற்றது. சைவத்தைக் காப்போம் என்று 2016 முதல் மதவழித் திரட்டல் முயற்சி செய்துவந்த சிவசேனை போன்ற அமைப்புகளால் இந்த நகர்வைத் தடுக்கவும் முடியவில்லை, தூண்டவும் முடியவில்லை.

இவ்வளவும் வாக்கின் கதை. இதை வைத்து மதத்தின் காலம் முடிந்தது என்று எழுதுகிறவர்களுக்குத் திருகோணமலையை நினைவூட்ட விரும்புகிறேன். 2025 நவம்பரில் அங்கே கடற்கரையோரமாக வைக்கப்பட்ட புத்தர் சிலையைப் பொலிஸார் இரவில் அகற்றினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே அது பழைய இடத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. தேசிய மக்கள் சக்தியின், 225இல் 159 ஆசனங்கள் கையிலுள்ள அரசாங்கம். எல்லா மதத்தாரும் வாக்களித்த அரசாங்கம். அதற்கு முன்பே, பௌத்த விகாரைகளாலும் தொல்லியல் உரிமைகோரல்களாலும் தகராறான குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் தையிட்டியும் வடக்கில் ஆறாத புண்களாக இருக்கின்றன. 2024 சிவராத்திரியன்று வெடுக்குநாறியில் பூசைக்குச் சென்றவர்கள் கைதானபோது ஆட்சியில் இருந்தவர் வேறு; தொல்லியல் திணைக்களமும் பொலிஸும் அதே திணைக்களமும் பொலிஸும்தான்.

ஆகவே நண்பரே, அடுத்த தேர்தலில் யார் எத்தனை வீதம் பெறுவார்கள் என்பதைவிட, தேசிய மக்கள் சக்தி வாக்குறுதி அளித்திருக்கும் புதிய அரசியலமைப்பின் வரைவில் 9ஆம் உறுப்புரைக்குப் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பாருங்கள். முதன்மை இடம் அப்படியே இருந்தாலும், பழைய 29(2) தந்ததைப் போன்ற, நீதிமன்றத்தில் வாதாடக்கூடிய சமத்துவப் பாதுகாப்பொன்று அதில் சேருமானால், 2024இல் வாக்கு நகர்ந்ததற்கு அர்த்தம் இருந்தது என்று நான் ஏற்பேன். எங்கள் வட்டாரத்துக்கு வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இந்த ஒன்றைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். வடிகால், குப்பை, வீட்டுத்திட்டம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்கள், இதற்கு மட்டும் தலைமைப்பீடத்திடம் கேட்டுச் சொல்வதாகத்தான் சொல்கிறார்கள்.