வளவு மரங்களில் கொப்பு வெட்டுதல்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசியில் மழை கட்டுவதற்குள் வெட்டி முடிக்க நமக்கு இரண்டு மாதங்களே இருப்பதால், வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு ஒரே இருப்பில் பதில் எழுதுகிறேன். 2011 முதல் வன்னியில் வீட்டு வளவு மரங்களை வெட்டிப் பராமரிப்பதே என் தொழில். எல்லாப் பதில்களுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்கிறேன்: போர் முடிந்த 2009க்கு முன் முளைத்த எந்த மரத்துக்குள்ளும் இரும்பு இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே வாளைக் கையில் எடுங்கள்.

விசுவமடுவிலிருந்து: எங்கள் வேம்பு நாற்பது அடி உயரம். கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மாரிக்கு முன் நடுவோடு தறித்து மொட்டையாக்கிவிடலாம் என்று கூலிக்கு வந்தவர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம், அக்கா. மொட்டையடித்த மரம் முதல் மாரிக்குப் பாதுகாப்பாகத் தெரியும். நான்காவது மாரியில்தான் அதன் ஆபத்து தொடங்கும். தறித்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தளிர்கள் ஒரே நேரத்தில் வெடித்து, வெயிலைப் பிடிக்கப் போட்டியிட்டு, மூன்றாண்டில் கைப்பருமனுக்கு வந்துவிடும். சாதாரணக் கொப்பொன்று அடிமரத்தின் உள்ளிருந்து, ஆண்டுக்காண்டு வைரத்தோடு பின்னிப் பிணைந்து வளர்வது. இந்தத் தளிர்களோ வெளித்தோலுக்குச் சற்றே உள்ளே மட்டும் ஒட்டியிருப்பவை. அவற்றுக்குக் கீழே, தறித்த முகம் மழைநீரைக் குடித்து உக்கத் தொடங்கியிருக்கும். இப்படியாக உக்கிய அடியில் கனத்த கொப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும் நிலையில் காற்று வந்தால் என்ன நடக்கும் என்பதை, 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் கரையேறிய மறுநாள் நான் பார்த்தேன். அன்று கூரைகளில் கிடந்தவற்றை அறுத்து இறக்கியபோது, பல கொப்புகளின் அடி நாரில்லாமல் பிடுங்கிய பல்லைப் போல வழுவழுப்பாகக் கழன்றிருந்தது. அவையெல்லாம் முன்பு மொட்டையடித்த மரங்களிலிருந்து வந்தவை.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முதலில், காய்ந்த கொப்புகளையும் ஒன்றோடொன்று உரசுபவற்றையும் எடுத்துவிடுங்கள். அடுத்து, கூரைப் பக்கம் நீண்ட கொப்புகளை, அவற்றிலிருந்தே பிரியும் ஒரு பக்கக் கொப்பு வரை குறையுங்கள். அந்தப் பக்கக் கொப்பு, வெட்டப்படும் கொப்பின் பருமனில் மூன்றிலொன்றாவது இருக்க வேண்டும். அப்போதுதான் சாறு அங்கே திரும்பி, புதுத் தளிர்கள் தாறுமாறாக வெடிக்காமல் இருக்கும். மொத்த இலைப்பரப்பில் நான்கிலொன்றுக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்காதீர்கள். சாய்வு நெடுநாளையதா, புதியதா என்பதையும் பாருங்கள்: சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் வெடித்தோ உயர்ந்தோ இருந்தால் வேர் அசைந்துவிட்டது என்று பொருள், அந்த மரத்துக்குக் கொப்பு வெட்டுவது போதாது.

அக்கராயனிலிருந்து: அடிமரத்தோடு ஒட்ட வெட்டுவதா, கொஞ்சம் விட்டு வெட்டுவதா? கொப்பு ஒவ்வொன்றும் தோலை உரித்துக்கொண்டு விழுகிறது.

ஒரு கொப்பின் அடியை அருகில் போய்ப் பாருங்கள், தம்பி. அது அடிமரத்தோடு சேருமிடத்தில் தோல் சுருங்கி, வளையல் போட்டது போலச் சற்று வீங்கியிருக்கும்; நான் அதைக் கழுத்து என்பேன். காயத்தை மூடும் இழையம் அந்தக் கழுத்திலிருந்துதான் வருகிறது. ஒட்ட வெட்டினால் கழுத்தும் போய்விடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் கட்டை காய்ந்து, கறையான் ஏறும் படியாகிவிடும். ஆகவே கழுத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்டுங்கள்.

தோல் உரிவதைத் தடுக்க மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கமாகக் கொப்பின் பருமனில் மூன்றிலொரு பங்கு அறுங்கள். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுங்கள். பாரம் முறிந்து விழும்போது உரியும் தோல் கீழ்வெட்டோடு நின்றுவிடும். பிறகு எஞ்சிய கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கழுத்தருகே இறுதி வெட்டைப் போடுங்கள். சரியாக வெட்டிய இடத்தில் அடுத்த ஆண்டு வட்டமான உதடு எழும்பி நடுவை நோக்கி வரும். உதடு மேலும் கீழும் வராமல் இரு பக்கங்களில் மட்டும் வந்தால், வெட்டு உள்ளே போய்விட்டது என்று அறியலாம்.

மல்லாவியிலிருந்து: எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரம் இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் ஒழுங்காக வெட்டுகிறோம்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், ஐயா. மா முற்றிய கொப்பின் நுனியில் பூக்கும். தை, மாசியில் பூக்கவேண்டிய நுனிகளைக் கார்த்திகையில் எடுத்துவிட்டால் மரம் இலைதான் விடும். காய் முடிந்த கையோடு, ஆடியிலோ ஆவணி நடுவுக்குள்ளோ வெட்டுங்கள். மழையோடு வரும் துளிர் முற்றிப் பூக்க அதற்கு நேரம் கிடைக்கும். நடுவில் நேராக எழும் கொப்புகளை எடுத்து உள்ளே வெளிச்சம் விடுங்கள். பால் முகத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி போடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: வெட்டிய இடத்துக்குச் சாணம் பூசுவதா, தார் பூசுவதா?

இரண்டும் வேண்டாம். சும்மா விடுங்கள்.

முள்ளியவளையிலிருந்து, மேலுள்ள பதிலுக்கு: எங்கள் அப்பு சாணமும் களியும் பூசியே வெட்டினார். அந்தப் புளி இன்றும் நிற்கிறது. அனுபவத்தை ஒரு வரியில் தள்ளுவது சரியல்ல.

நீங்கள் சொல்வது நியாயம், அண்ணை; ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாது. உங்கள் அப்பு வெட்டிய முறை நன்றாக இருந்திருக்கும், அதனாலேயே புளி நிற்கிறது என்பது என் எண்ணம். நமது தோலில் புண் ஆறும்போது பழைய இழையத்தின் இடத்தில் புதியது வந்துவிடும். மரத்துக்கு அந்த வழி இல்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி, அதை உள்ளே வைத்தபடியே வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் சைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து இதை விளக்கினார். மேற்பூச்சு உக்கலை நிறுத்துவதில்லை என்பதும் அந்த வழியில் வந்த முடிவே. தார் வெயிலில் வெடிக்கிறது, வெடிப்புக்குள் மழைநீர் இறங்குகிறது, இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. சாணம் ஈரத்தைப் பிடித்து வைத்துக் காளானுக்கு வேண்டிய சூழலையே அமைத்துக்கொடுக்கிறது.

வவுனியாவிலிருந்து, அதே விடயத்துக்கு: போர்டோ பசை பூசச் சொல்லி விவசாயப் போதனாசிரியர் சொல்லித் தந்தாரே. அவரும் பிழையா?

அவர் பிழை சொல்லவில்லை. போர்டோ பசை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சணக்கொல்லி. அது காயத்தை மூடும் மருந்தாகத் தரப்படுவதில்லை. தேசியிலும் தோடையிலும் பிசின் வடியும் நோய் இருக்கும் வளவில், வெட்டிய இடத்தில் அதைப் பூசக் காரணம் உண்டு. நோய் இல்லாத வேம்புக்கும் புளிக்கும் அது தேவையில்லை.

முள்ளியவளையிலிருந்து, மீண்டும்: நீங்களே பூசியும் பூசாமலும் பார்த்ததுண்டா?

பார்த்தேன். தொழிலின் தொடக்கத்தில் ஒரே வேம்பில் ஆறு கொப்பு வெட்டி, மூன்றுக்கு வீட்டுக்காரரின் விருப்பப்படி தார் பூசினேன். நான்கு ஆண்டுக்குப் பின் தெரு அகலிப்புக்காக அந்த மரம் விழுத்தப்பட்டபோது ஆறையும் பிளந்தேன். தாருக்குக் கீழே மூன்றிலும் விரலால் தோண்டக்கூடிய கபில நிறத் தூள் இருந்தது. பூசாத மூன்றில் இரண்டு சுத்தமாக இருந்தன. ஒன்று உக்கியிருந்தது, அதை நான் ஒட்ட வெட்டியிருந்தேன். ஒரு மரத்தை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து நான் தார் வாளியைத் தூக்கியதில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிழலில் இருந்த அடிமரம் கொப்பு போனதும் திடீரென வெயிலில் நிற்க நேர்ந்தால், அந்தத் தோலுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசுவது நல்லது. வெள்ளை நிறம் வெப்பத்தைத் திருப்பித் தோல் வெடிக்காமல் காக்கும். பூசுவதற்கு ஏதாவது வேண்டும் என்று கை துடித்தால் அதைப் பூசுங்கள்.

ஓமந்தையிலிருந்து: வாகையை மொட்டையடித்தால் திரும்பத் துளிர்க்குமா?

துளிர்க்கும், அதுவே ஆபத்து. விசுவமடுக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: எங்கள் வளவில் பாலையும் முதிரையும் உண்டு. சங்கிலி வாளோடு வந்தவர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வெட்ட மறுத்துவிட்டார். அளவுக்கு மீறிப் பயப்படுகிறாரா?

இல்லை. உங்கள் ஊரில் மறுத்தவரைப் பாராட்ட வேண்டும். வேகமாக ஓடும் சங்கிலி உருக்குத் துண்டில் மோதினால் பல் தெறிக்கும், சில வேளை வாளே வெட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். பட்டையில் முடிச்சுப் போல மூடிய வடு இருக்கிறதா என்று அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். ஷெல் துண்டு புகுந்த இடம் உள்ளங்கை அளவு தழும்பாகவே பெரும்பாலும் நிற்கும். வெட்டு முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேரும்போது எழுதும் மையைப் போன்ற அந்த நிறம் வரும். உலோகம் காட்டும் கருவியை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் கைவாளால் மெதுவாக அறுங்கள். விழும் கொப்புகளைக் கண்ணிவெடி அகற்றிய எல்லைக்கு வெளியே இழுக்காதீர்கள். மரக்கவரிலோ வேரடியிலோ வெடிக்காத பொருள் எதுவும் தெரிந்தால் தொடாமல் விலகி, பொலிஸுக்கு அறிவியுங்கள்.

மாங்குளத்திலிருந்து: தெருக் கம்பியை உரசும் நாவல் கொப்பைக் கொக்கத்தடியால் இழுத்து முறிக்கலாமா?

கூடாது. பச்சைத் தடியும் ஈரக் கயிறும் மின்னைக் கடத்தும், உயரே ஓடும் 33,000 வோல்ட்டுக் கம்பியோ தொடாமலே பாயும். உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் மின்னை நிறுத்தி வெட்டும் வரை காத்திருங்கள்.

வட்டக்கச்சியிலிருந்து: தென்னை வட்டைச் சுத்தம் செய்யும்போது பச்சை மட்டைகளையும் வெட்டினால் காற்றுக்குத் தாங்கும் என்கிறார்களே?

தாங்காது, காயும் குறையும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை வருகிறது. மட்டை போனால் அந்தக் குலையைத் தாங்கவும் ஊட்டவும் ஆள் இல்லை. காய்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள். வீட்டுக் கூரைக்காகப் பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமானால், அடிமரத்திலிருந்து 120 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். புது வெட்டின் மணத்துக்குச் செங்கூன் வண்டு வரும், அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு அந்த நீளத்தைக் கடந்து வட்டுக்குள் போவது கடினம். ஏறுவதற்காக அடிமரத்தில் படி கொத்துவதையும் இதே காரணத்துக்காக விடுங்கள்.

பூநகரியிலிருந்து: பனைக்கும் இதுதானா?

ஆம். காவோலையும் கழன்ற கங்குமட்டையும் எடுக்கலாம். குருத்தைத் தொட்டால் மரம் முடிந்தது. பனைக்கு வேறு வளர்நுனி கிடையாது.

செட்டிகுளத்திலிருந்து: மலைவேம்பை மேலால் தறித்தால்...

இது மூன்றாவது முறை. எந்த மரத்தின் பெயரைப் போட்டுக் கேட்டாலும் பதில் அதுவே: மேலால் தறிக்காதீர்கள், பக்கக் கொப்பு வரை குறையுங்கள்.

தண்ணீரூற்றிலிருந்து: மாமரத்தில் குருவிச்சை பிடித்துவிட்டது. பிடுங்கியும் திரும்ப வருகிறது.

பிடுங்கினால் உள்ளே இறங்கிய வேர் அப்படியே இருக்கும். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று, பசைபிடித்த விதையைக் கொப்பில் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். விதை அங்கேயே முளைத்து மரத்துக்குள் துளைத்து இறங்கும். கொப்பு சிறியதானால் ஒட்டிய இடத்திலிருந்து அடிப்பக்கமாக ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை விட்டு முழுதாக வெட்டுங்கள். அடிமரத்திலேயே பிடித்திருந்தால் பூக்குமுன் இலைகளை ஆண்டுதோறும் ஒடித்து வலுவிழக்கச் செய்யலாம். பக்கத்து வளவிலும் அதே வாரத்தில் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் குருவி திரும்பக் கொண்டுவரும்.

துணுக்காயிலிருந்து: பக்கத்து வீட்டுக் கொப்பு எங்கள் கிணற்றுக்கு மேலே. அவர் வெட்டவிடுகிறார் இல்லை.

இது மரத்தின் கேள்வி அல்ல. மத்தியஸ்த சபைக்குப் போங்கள்.

முத்தையன்கட்டிலிருந்து: யானை பலாவின் கொப்பை முறித்துத் தோலையும் உரித்துவிட்டது. காப்பாற்றலாமா? அல்லது தறித்துவிட அனுமதி வேண்டுமா?

முறிந்த கொப்பைக் கழுத்து வரை சுத்தமாக வெட்டுங்கள். தோல் சுற்றிவர முழுதாக உரிந்திருந்தால் மரம் சாகும். மூன்றிலொரு பங்கு ஒட்டியிருந்தாலும் நான் அதை விட்டுவைப்பேன். தொங்கும் தோலைக் கூரிய கத்தியால் நல்ல தோல் வரை மட்டும் வெட்டிவிடுங்கள், அகலப்படுத்தாதீர்கள். அடியோடு தறிப்பதானால் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும்: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். உங்கள் வளவு, உங்கள் மரம் என்றாலும் அப்படியே.

பரந்தனிலிருந்து: முருங்கைக்காவது மொட்டையடிக்கலாமா?

முருங்கைக்கு அடிக்கலாம், பிள்ளை. அது ஒன்றே இங்கு விதிவிலக்கு. காய் முடிந்ததும் இடுப்பளவில் வெட்டிவிட்டு, வரும் தளிர்களில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டால் காய் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். ஏறி வெட்டாதீர்கள், அந்தக் கொப்பு ஒரு சிறுவனின் பாரத்தையும் தாங்காது. வெட்டிய தடிகளில் கைப்பருமனானவற்றை நிழலில் சில நாள் வாடவிட்டு மழைக்கு முன் வேலியோரம் நட்டால், கார்த்திகைக்குள் அவை துளிர்த்துவிடும்.