எஞ்சினுக்குப் பின்னால் நிற்பவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மீட்டர்கேஜ் கால விழுப்புரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வாணியம்பாடி. தோல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தண்டவாளத்தோரம் போய்விடுவேன். ரயிலைப் படமெடுப்பது ஒன்றுதான் என் பைத்தியம்.

கொஞ்ச நாளாகச் சலிப்பாக இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் முன்னால் வாப்-7 மின்சார எஞ்சின், பின்னால் எல்ஹெச்பி என்ற புதுவகைப் பெட்டிகள். ஆல்கோ என்ற பழைய வகை டீசல் எஞ்சின் கண்ணிலேயே படுவதில்லை. ஒரு பத்து வருஷம் முன்னால் பிறந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நண்பர்கள் ஆஃப்லிங்க் எஞ்சின், அதாவது வழக்கமாக வருவதற்குப் பதில் வரும் வேறு ஊர் ஷெட் எஞ்சின், பிடித்துப் போட்டால் லைக் குவிகிறது. என் படங்களைப் பார்த்த மனைவி, "எல்லாத்துலயும் அதே எஞ்சின்தானே இருக்கு?" என்கிறாள். போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு ஸ்டேஷனில் காவலர் ஒருவர் போனை வாங்கிப் படங்களை அழிக்க வைத்துவிட்டார். படம் எடுப்பது சட்டப்படி தப்பா?

என் படங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன். விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்த என் பெரியப்பாவின் பெட்டியில் கிடைத்த பழைய படம் ஒன்றும் கூட இருக்கிறது. போனே போதுமா, கேமரா வாங்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

எஸ்., வாணியம்பாடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொல்வது சரி. நீங்கள் அனுப்பிய படங்கள் துல்லியமாக இருக்கின்றன, எஞ்சின் எண் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எஞ்சின் ஃப்ரேம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்பதால் எந்த ஊர், எந்தப் பருவம், காலையா மாலையா, ஒன்றும் தெரியவில்லை. அந்தப் படங்களை அரக்கோணத்திலும் எடுத்திருக்கலாம், எங்கோ மத்தியப் பிரதேசத்து இட்டார்சியிலும் எடுத்திருக்கலாம்.

பத்து வருஷம் முன்னால் பிறந்திருக்க வேண்டும் என்பது ரயில் பிரியர்கள் எல்லாத் தலைமுறையிலும் சொல்வது. தொண்ணூறுகளில் நீராவி எஞ்சின்கள் ஓய்ந்துகொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து படமெடுத்தார்கள். அதே பிளாட்ஃபாரத்தில் பக்கத்துத் தடத்தில் நின்ற ஒய்டிஎம்-4 டீசலை ஒருவரும் சட்டை செய்யவில்லை. டீசல்தானே, தினமும் வருவதுதானே. அகலப்பாதை வந்து மீட்டர்கேஜ் சுருண்டபோதுதான் அந்த டீசலுக்கு அழுதார்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஒய்ஏஎம்-1. ஜப்பானில் செய்து அறுபதுகளில் வந்த 20 மின்சார எஞ்சின்கள். தாம்பரம் – விழுப்புரம் தடத்தில் ஓடின. இந்தியாவில் மீட்டர்கேஜில் மாறுதிசை மின்சாரத்தில் (ஏசி) ஓடிய எஞ்சின் வகை அது ஒன்றுதான். 2004-ல் கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் நிறுத்தப்பட்டதோடு அந்த உலகமே முடிந்தது. லட்சக்கணக்கான பேர் அந்த எஞ்சின் இழுத்த வண்டியில் போயிருப்பார்கள். நல்ல படம் தேடினால் விரல் விட்டு எண்ணலாம்.

இப்போது உங்கள் பெரியப்பா படத்துக்கு வருகிறேன். அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். நடுவில் ஒய்பி நீராவி எஞ்சின். முன்னால் நான்கு பேர், ஒருவர் கையில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு. எஞ்சின் எண் கரியில் மறைந்துவிட்டது. போகட்டும். ஒய்பி வகையில் எண்ணூறுக்கு மேல் செய்தார்கள், அதன் வரைபடமும் அளவும் எங்கும் கிடைக்கும். எஞ்சினோடு கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரில் எஸ்.ஆர். என்ற எழுத்து இருக்கிறது. ஆகவே 1951 ஏப்ரல் 14-க்குப் பிந்தைய படம். அன்றுதான் சவுத் இந்தியன் ரயில்வே, மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ஸ்டேட் மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு கம்பம் தெரிகிறதே, கவனித்தீர்களா? அதில் ரயில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் இருக்கிறது. மின்சாரக் கம்பி இழுத்தாகிவிட்டது. அப்படியானால் படம் அறுபதுகளின் நடுப்பகுதிக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. மின்சாரம் வந்த பிறகும் உங்கள் பெரியப்பா கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், விழுப்புரத்துக்குத் தெற்கே போகும் வண்டிகளுக்கு.

இவ்வளவும் எஞ்சின் சொன்னதல்ல. நான்கு பேரையும் எஞ்சினையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஸ்டுடியோக்காரர் பின்னால் தள்ளிப் போனதால் தற்செயலாக விழுந்தவை. எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் தூண், கரி மேடை, கரி மேடையின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடிக்கும் ஒருவர், எல்லாம் வந்திருக்கிறது. அந்த யார்டு இன்று இல்லை. பெரியப்பா இருக்கிறார் என்றால் இந்த வாரமே உட்கார்ந்து நான்கு பேரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஸ்டுடியோக்காரர் போல நீங்களும் பத்தடி பின்னால் போங்கள். எஞ்சின்களின் கதை ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. எந்த ஷெட், எந்த ஆண்டு, எத்தனை குதிரைசக்தி என்பதை ஐஆர்எஃப்சிஏ போன்ற ரயில் பிரியர் குழுக்கள் 1989 முதல் தொகுத்து வருகின்றன. எஞ்சினைச் சுற்றி இருப்பதைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை.

"அதே எஞ்சின்" என்று அலுத்துக்கொள்கிறீர்களே, வாப்-7-க்கு முந்தைய வாப்-4 எஞ்சின் உங்கள் தடத்தில் இன்னும் தென்படும். 1994-ல் தொடங்கி 2015 வரை சித்தரஞ்சன் எஞ்சின் ஆலையில் எழுநூறுக்கு மேல் செய்தார்கள். ஈரோடு, அரக்கோணம் ஷெட்காரர்கள் சோறு தின்றதே அதை வைத்துத்தான். இனிப் புதிதாக ஒன்று வராது. ஆஃப்லிங்க் துரத்துகிறவர்களுக்கு வாப்-4 இன்று அலுத்துப்போன சரக்கு. அதனாலேயே நீங்கள் எடுங்கள். பெட்டிகளை எடுங்கள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் 1955-ல் சுவிஸ் வடிவமைப்பில் செய்ய ஆரம்பித்த பழைய வகைப் பெட்டி 2018-ஓடு நின்றுவிட்டது. நீல வண்ணம், குறுக்குக் கம்பி போட்ட ஜன்னல், பெட்டியின் இரு முனையிலும் வட்டத் தட்டாக, இடியைத் தாங்கும் பஃபர். ஜன்னலுக்குக் கீழே கொக்கியில் மாட்டிய பெயர்ப்பலகை, மூன்று மொழியில் பெயின்டில் எழுதியது. அதற்குப் பதிலாக எல்இடி எழுத்து ஓடுகிறது இப்போது. பலகையை யாராவது பக்கத்தில் போய் எடுத்து வைத்திருக்கிறார்களா? கேட்கீப்பர் குடிசை, உள்ளே தொங்கும் பச்சை சிவப்புக் கொடி, அவர் ரயில் நேரம் எழுதும் நோட்டு. ஆளில்லாத கேட்களை மூடி முடித்தாயிற்று. ஆளிருக்கும் கேட்களுக்கும் ஒவ்வொன்றாகச் சுரங்கப்பாதை வந்துகொண்டிருக்கிறது.

ஆல்கோவுக்காக நான் அவ்வளவு உருக மாட்டேன். டிரைவர் சட்டென்று நாட்ச் ஏற்றும்போது, அதாவது எஞ்சினின் விசையைக் கூட்டும்போது, டீசல் முதலில் பாயும், டர்போ சுழன்று காற்றைத் தள்ளச் சில விநாடி பிடிக்கும். அதற்குள் பாதி எரிந்த கரிதான் அந்தக் கரும்புகை. நாம் அதை ரசித்தோம். பிளாட்ஃபாரத்தில் கைக்குழந்தையோடு நின்றவர்கள் ரசிக்கவில்லை.

வெளிச்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் படங்களில் பாதியைக் கெடுத்தது அதுதான், சொல்லாமல் விட முடியவில்லை. முக்கால்வாசி நடுப்பகலில் எடுத்தவை. நம் ஊர் வெயில் உச்சியில் நிற்கும்போது எஞ்சினின் கூரை வெளுத்து, சக்கரங்கள் இருக்கும் போகி மொத்தமும் கறுத்துவிடும். ரயிலுக்குக் கால் இல்லாதது போலத் தெரியும். காலை எட்டரைக்குள், மாலை நான்கரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெயில்தான் அடிப்பாகம் வரை போகும். தடத்துக்குத் தெற்கே நின்றுகொள் என்று ஐரோப்பியர்கள் எழுதுவதை நம்பிவிடாதீர்கள். வாணியம்பாடியில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. டிசம்பரில் நல்ல படம் தந்த அதே இடம் ஜூனில் வெறும் நிழலாகத் தரும்.

உங்கள் தடம் ஏறத்தாழ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. சென்னை போகும் வண்டிகளுக்குக் காலையில் முகத்தில் வெயில், ஜோலார்பேட்டை நோக்கிப் போகிறவற்றுக்கு மாலையில். கேத்தாண்டப்பட்டி பக்கம் மேற்கே ஒதுங்கி நின்றால் மாலை வெயில் உங்கள் முதுகில் விழும், ரயிலுக்குப் பின்னால் ஏலகிரி எழுந்து நிற்கும். அனுப்பியவற்றில் ஒன்றில்கூட மலை இல்லை. வாணியம்பாடிக்காரர் எடுத்த ரயில் படத்தில் ஏலகிரி இல்லாவிட்டால் எப்படி? மின்கம்பங்கள் குறுக்கே வருகின்றன என்று எல்லாரும் புலம்புகிறார்கள். ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒரு கம்பம் இருக்கும், எஞ்சினின் நீளம் இருபதுக்குச் சற்றே கூடுதல். இரண்டு கம்பத்துக்கு நடுவே அது தாராளமாக அடங்கும். கம்பத்தை கம்ப்யூட்டரில் அழிக்கும் வேலை மட்டும் வேண்டாம். உங்கள் பெரியப்பா படத்தில் யாராவது அதை அழித்திருந்தால் நமக்குக் காலம் தெரிந்திருக்குமா?

சட்டம். ஸ்டேஷனில் பயணிகள் புழங்கும் இடத்தில் சொந்த உபயோகத்துக்குப் படமெடுப்பதை ரயில்வே தடுப்பதில்லை. பிளாட்ஃபாரம் டிக்கெட் கையில் இருக்கட்டும், டிரைபாட் விரித்துக்கொண்டு வழியை மறிக்க வேண்டாம். ஷெட், யார்டு, ஒர்க்‌ஷாப் என்றால் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். காவலர் கேட்டால் வாக்குவாதம் செய்யாமல் நிதானமாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அவருக்கும் ரயில் பிடிக்கும்.

உங்கள் ஒரு படத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு எடுத்தது, இல்லை என்று சொல்லாதீர்கள். ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். அதை விடுங்கள். 110 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு முப்பது மீட்டர். முந்நூறு மீட்டரில் நீங்கள் பார்க்கிற ரயில் பத்து விநாடியில் உங்கள்மேல் இருக்கும். போன் கேமரா அகலக் கண் உடையது, பக்கத்தில் வந்ததையும் திரையில் சின்னதாகக் காட்டும். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ரயில் இன்னும் எங்கோ தூரத்தில் வருவதாகவே தோன்றும். பையன்கள் சாவது இதனால்தான். மின்சார எஞ்சின் டீசல் போல முன்கூட்டியே உறுமிக்கொண்டும் வராது. உங்களைப் பார்த்து லோகோ பைலட் பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் ஆகலாம். நடைமேம்பாலத்தில் செல்ஃபி ஸ்டிக் நீட்டுவதும் வேண்டாம், மேலே 25,000 வோல்ட். தொடக்கூடத் தேவையில்லை, நெருங்கினாலே தாவும்.

கடைசியாக கேமரா. நின்ற வண்டிக்கும் நிலக்காட்சிக்கும் போன் போதும். ஓடும் வண்டியைப் பக்கவாட்டில் எடுத்தால்தான் போனின் வண்டவாளம் தெரியும். போனின் சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ரயில் நகர்ந்துவிடுவதால் பெட்டிகள் சாய்சதுரமாக வரும். உங்கள் நான்காவது படத்தில் ஜன்னல்கள் எல்லாம் ஒருபக்கமாகச் சரிந்திருப்பது அதனால்தான், கை நடுங்கியதால் அல்ல. மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ். பெரிய ஜூம் இப்போதைக்கு வேண்டாம், அது உங்களை மறுபடி எஞ்சின் முகத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். 110-ல் ஓடும் வண்டி ஆயிரத்தில் ஒரு விநாடியில் மூன்று சென்டிமீட்டர் நகர்கிறது. சாய்கோணத்தில் எடுக்க அந்த ஷட்டர் வேகம் போதும். ஆனால் அந்த வேகத்தில் எல்இடி பெயர்ப்பலகையில் பாதி எழுத்து காணாமல் போகும். பலகையும் வேண்டும் என்றால் வண்டி நின்ற பிறகு ஷட்டரைக் குறைத்துத் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், வண்டி எண், எஞ்சின் எண் நான்கையும் அன்றிரவே எழுதி வையுங்கள், மறுநாள் ஞாபகம் இருக்காது.

ஏலகிரியோடு ஒன்று எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.