மைலோ டின்னில் ஒரு சதக் காசுகள்

கேள்வி: அப்பா 1989இல் கனடாவுக்கு வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவர். வீடு திரும்பியதும் பையில் கிடக்கும் ஒரு சதக் காசுகளை மைலோ டின்னில் போட்டுவிடுவார். அவர் காலமான பிறகு பார்த்தால் நான்கு டின் நிறைய இருக்கிறது. வங்கியில் கொடுத்துவிடு என்கிறார் கணவர். இவற்றில் மதிப்புள்ளது ஏதும் இருக்குமா? கழுவிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கழுவாதீர்கள், சகோதரி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கை நம்முடையது, மங்கிய செம்பைக் கண்டால் சும்மா இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் படிந்த அந்தப் பழுப்பு நிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். துலக்கிய காசு என்று தெரிந்தாலே விலையை இறக்கிவிடுவார்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அது போதும்.

வங்கிக்கும் அவசரமில்லை. 2012 மே 4ஆம் தேதி வின்னிபெக்கில் கடைசி ஒரு சதக் காசை அடித்தார்கள். 2013 பெப்ரவரியில் விநியோகமும் நின்றது. இப்போது கடையில் தரும் மீதிச் சில்லறையில் அது வருவதில்லை. தேட வேண்டுமானால் உங்கள் அப்பாவுடையது போன்ற டின்களில்தான் தேட வேண்டும். காசு இன்னும் செல்லும் என்பதால் பொறுத்திருப்பதில் நட்டமில்லை.

பெரும்பாலானவை ஒரு சதத்துக்கு மேல் பெறாது. ஆண்டுக்குக் கீழே புள்ளி வைத்த 1936 காசைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். உலகில் அறியப்பட்டவை மூன்றே மூன்று, அதை மறந்துவிடுங்கள்.

நான் ஆசையோடு தேடச் சொல்வது 1955. அந்த ஆண்டின் வழக்கமான காசில் அரசியின் தோளில் ஆடை மடிப்பு மெல்லிய கோடாகத் தெரியும். மடிப்பு இல்லாத அச்சில் கொஞ்சம் காசுகள் தவறி வந்துவிட்டன, அவற்றுக்கு நல்ல விலை உண்டு. தேய்ந்த காசில் தோளை நம்ப முடியாது. ஓரத்து எழுத்துகளில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மடிப்பில்லாத வகையில் அதன் இரு முனைகளும் நன்றாக விரிந்திருக்கும், மற்றதில் ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கும். 1953லும் மடிப்பில்லாத காசு உண்டு, அது சாதாரணமானது, ஏமாந்துவிடாதீர்கள்.

1985இல் ஐந்தின் தலை கூராக இருந்தால் தனியே வையுங்கள். ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட 1922 முதல் 1925 வரையிலான காசுகளும் அப்படித்தான். 1923, 1925 இரண்டிலும் பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான் அடித்தார்கள்.

அப்புறம் 2006. இதற்கு ஒரு காந்தம் வேண்டும். அரசியின் கழுத்துக்குக் கீழே 'பி' எழுத்து இருந்தால் உள்ளே எஃகு, காந்தத்தில் ஒட்டும். எழுத்தும் இல்லை, நாணயச் சாலையின் சின்னமும் இல்லை என்றால் உள்ளே துத்தநாகம், ஒட்டக்கூடாது. அப்படி வெறுமையாக இருந்தும் ஒட்டுகிற ஒன்று கிடைத்தால் அதை நாணய வியாபாரியிடம் காட்டுங்கள்.

1942 முதல் 1996 வரையுள்ளவற்றில் 98 சதவீதம் செம்புதான். ஆனாலும் உருக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சட்டம் தடுக்கிறது. மிஞ்சியதை ஐம்பது ஐம்பதாகச் சுருட்டி, வங்கியில் வாங்குவார்களா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். அதற்கு முன் அப்பா வந்த 1989ஆம் ஆண்டுக் காசு ஒன்றை எடுத்து வையுங்கள். அது வட்டமாக இருக்காது, பன்னிரண்டு பக்கம் விரலுக்குத் தெரியும்.